ஆற்றுச் சரளையில் அகேட் தேடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மகாராஷ்டிரத்தில் வேலை பார்க்கும் தமிழர்களும், ஷீரடி, நாசிக், சனி சிங்கணாப்பூர் என்று கோயில் பயணம் வருகிறவர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள் இவை. கோதாவரியின் மேல்பகுதியும் அதில் வந்து சேரும் பிரவரா ஆறும் எனக்குப் பழகிய இடங்கள். அதனால் பதில்கள் அந்தப் பக்கத்தையே அதிகம் சுற்றிவரும். முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன்: இதில் கண் கூர்மையைவிட முக்கியம், ஆறு எந்தப் பாறையை அரித்துக்கொண்டு வருகிறது என்று தெரிந்திருப்பது. அது தெரியாமல் அலைந்தால் கால்தான் வலிக்கும்.

அகேட் என்பது என்ன கல்?

சிலிக்காதான். குவார்ட்ஸ் என்கிற வெங்கச்சங்கல்லும் இதே பொருள்தான். குவார்ட்ஸில் படிகம் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிது. அகேட்டில் படிகங்கள் மிக நுண்ணியவை, மெல்லிய இழைகளாக நெருங்கி அடுக்கப்பட்டிருக்கும். அப்படிப்பட்ட நுண்படிகச் சிலிக்காவுக்குப் பொதுப்பெயர் சால்சிடொனி. அதில் வரிவரியாகப் பட்டை ஓடினால் அகேட். இரும்புச்சத்தால் சிவந்து, பட்டை இல்லாமல் ஒரே நிறமாக இருந்தால் சூதுபவளம். கீழடி அகழாய்வுச் செய்திகளில் படித்திருப்பீர்களே, அதே கல்தான். மோதிரக் கடைகளில் அகீக் என்பார்கள். மராட்டி கிராமங்களில் இந்த வகைக் கூழாங்கல் எல்லாவற்றுக்கும் சேர்த்து கார்கோட்டி என்றால் புரிந்துகொள்வார்கள்.

அது ஆற்றுக்குள் எப்படி வந்தது?

சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இந்தியாவின் மேற்குப் பாதியில் எரிமலைக் குழம்பு வெள்ளம் வெள்ளமாகப் பரவியது. ஒன்றின் மேல் ஒன்றாக உறைந்த அந்தக் குழம்புதான் இன்று தக்காணப் பசால்ட் பாறை. இப்போது மிஞ்சியிருக்கும் பரப்பே கிட்டத்தட்ட 5 லட்சம் சதுர கிலோமீட்டர். மகாராஷ்டிரத்தின் பெரும்பகுதி அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது.

குழம்பு உறையும்போது உள்ளே இருந்த வாயு குமிழ் குமிழாக மேலே வரப் பார்க்கும். வழியிலேயே பாறை இறுகிவிட்டால் குமிழ் இருந்த இடம் வெற்றிடமாக நின்றுவிடும். பிறகு வந்த காலங்களில் பாறைக்குள் ஊறிய நீர், கரைந்த சிலிக்காவைக் கொண்டுவந்து அந்தக் குழியின் சுவரில் படியவைத்தது. படிவு உள்நோக்கி வளர்ந்ததால்தான் பட்டைகள் குழியின் வடிவத்தையே ஒட்டிப் போகின்றன. நடுவில் இடம் மிஞ்சினால் அங்கே கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் படிகமோ, சில நேரம் ஊதா நிறச் செவ்வந்திக்கல்லோ வளர்ந்திருக்கும். பட்டைகள் இவ்வளவு சீராக எப்படி உண்டாயின, கூழ் மாதிரி இருந்த சிலிக்கா ஒரே தடவையில் பிரிந்ததா, தவணை தவணையாகப் படிந்ததா என்று ஆய்வாளர்கள் இன்னமும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

நமக்கு வேண்டியது இதற்கு அடுத்த கட்டம். பசால்ட் வெயிலிலும் மழையிலும் மக்கி கரிசல் மண்ணாகிவிடும். அகேட் மக்காது. பாறை போய், உள்ளே இருந்த உருண்டை மட்டும் மண்ணில் மிஞ்சும். மழை அதை ஓடைக்குத் தள்ளும், ஓடை ஆற்றுக்குக் கொடுக்கும். பாறையை உடைக்கும் வேலையை ஆறும் மழையும் நமக்கு முன்பே முடித்துவிட்டன. அதனால்தான் சுத்தியல் இல்லாமலேயே இந்தப் பொழுதுபோக்கு நடக்கிறது.

எந்த ஆறுகளில் தேடலாம்?

தக்காணப் பசால்ட்டில் பிறக்கிற அல்லது அதைக் கடந்து வருகிற ஆறு எதுவானாலும் பார்க்கலாம். திரியம்பகேஸ்வரத்தில் பிறக்கும் கோதாவரி, சகயாத்திரி மலையில் ரத்தன்கட் பக்கம் பிறந்து பண்டார்தரா, சங்கம்னேர், நேவாசா வழியாக வந்து பிரவரா சங்கமத்தில் கோதாவரியோடு கலக்கும் பிரவரா, பீமா, கிருஷ்ணாவின் மேல்பகுதி, தபதி, நர்மதையின் கீழ்ப்பகுதி எல்லாம் இந்தக் கணக்கில் வரும். உத்தரப் பிரதேசத்தில் பாந்தா ஊரை ஒட்டி ஓடும் கேன் ஆறு தனிப் பெயர் பெற்றது. அங்கே கிடைக்கும் கல்லுக்குள் செடி கொடி படம் தெரியும். அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

குஜராத்தில் பரூச் பக்கம் ரத்தன்பூரில் நெடுங்காலமாக அகேட் தோண்டி எடுக்கிறார்கள். அவர்கள் தோண்டுவது பசால்ட்டை அல்ல. பசால்ட்டிலிருந்து கழன்று வந்து மிகப் பழங்காலத்தில் படிந்து இறுகிய சரளையை. இன்று ஆற்றில் கண்ணெதிரே நடப்பதுதான் அன்றும் நடந்திருக்கிறது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் பிரவராவைத்தான் சொல்வேன். ஆறு சிறியது, சரளைத் திட்டுகள் நடந்துபோய்ப் பார்க்கும் தூரத்தில் இருக்கின்றன, ஷீரடியிலிருந்தும் சனி சிங்கணாப்பூரிலிருந்தும் சுலபமாகப் போய்விடலாம்.

காவிரியிலோ தாமிரபரணியிலோ கிடைக்காதா?

கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நம் ஆறுகள் பெரும்பாலும் நைஸ், சார்னோக்கைட் போன்ற மிகப் பழைய பாறைகளை அரித்து வருபவை. அவற்றில் எரிமலைக் குமிழ்க் குழிகள் இல்லை. குழி இல்லை என்றால் அகேட்டும் இல்லை. காவிரிச் சரளையில் வெள்ளைக் குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், மணலோடு மணலாகச் சிவப்புக் கார்னெட் துகள் எல்லாம் பார்க்கலாம். அவையும் அழகுதான், ஆனால் வேறு கல்.

நொய்யல் கரைக் கொடுமணலிலும் வைகைக் கரைக் கீழடியிலும் அகேட் மணி, சூதுபவள மணி கிடைத்திருக்கிறதே என்று கேட்பார்கள். உண்மை. கொடுமணலில் மணி செய்யும் பட்டறையே இருந்தது. பச்சைக்கல்லும் பளிங்கும் கொங்கு நாட்டிலேயே கிடைத்தன. சூதுபவளமும் அகேட்டும் வடக்கே, இந்தப் பசால்ட் நாட்டுப் பக்கத்திலிருந்து வணிகர் கைமாறி வந்தவை என்றுதான் அறிஞர்கள் கருதுகிறார்கள். 2000 ஆண்டுகளுக்கு முன் நம்மவர் விலை கொடுத்து வாங்கிய கல், இங்கே கோதாவரிப் பக்கம் காலடியில் கிடக்கிறது. அந்த நினைப்போடு சரளையில் நடப்பது எனக்கு இன்றும் சலிக்கவில்லை.

எந்த மாதம் போகலாம்?

மழைக்காலம் ஜூனில் தொடங்கி செப்டம்பர் இறுதிவரை. வெள்ளம் வடிந்து, திட்டுகள் வெளியே தெரிய நவம்பர் ஆகிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல பருவம். வெள்ளம் புதிதாகப் புரட்டிப் போட்ட கல், இதமான வெயில், இன்னும் யாரும் மிதிக்காத திட்டு. ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் இன்னும் குறைந்து அதிக இடம் வெளியே வரும், ஆனால் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். போவதானால் காலை 9 மணிக்குள் தேடி முடித்துத் திரும்பிவிடுங்கள்.

ஆற்றில் இறங்கியதும் எங்கே பார்ப்பது?

எல்லாச் சரளையும் ஒன்றல்ல. ஆறு வளையும் இடத்தில் வெளிப்பக்கம் நீர் வேகமாக ஓடிக் கரையை அரிக்கும், உள்பக்கம் வேகம் குறைந்து சுமையை இறக்கிவைக்கும். நமக்கு வேண்டியது அந்த உள்வளைவு. அங்கேயும் மேல்முனையில் பெரிய கல், கீழ்முனையில் மணல் என்று தரம் பிரிந்து கிடக்கும். நெல்லிக்காய் முதல் எலுமிச்சை அளவுவரை கல் கலந்து கிடக்கும் நடுப்பகுதியில்தான் அகேட் அதிகம் மாட்டும். காரணம் எளிது. குமிழ்க் குழிகளில் பெரும்பாலானவை அந்த அளவுதான்.

அடுத்தது, ஓடை வந்து சேரும் இடம். சின்ன ஓடை பக்கத்துக் குன்றிலிருந்து நேராகக் கல்லைக் கொண்டுவரும். அதிக தூரம் உருளாததால் கல் முழுசாக, மேல்தோலோடு இருக்கும். ஓடையில் அகேட் நிறையத் தென்பட்டால் ஓடையிலேயே மேல்நோக்கி நடந்து பாருங்கள். எந்த இடத்தில் கல் நின்றுபோகிறதோ, அதற்குச் சற்றுக் கீழே பக்கவாட்டில்தான் அதன் தாய்ப்பாறை இருக்கும். இப்படித் தேடிப் போய், பசால்ட் சுவரில் வெள்ளையும் நீலச் சாம்பலுமாக அகேட் புதைந்திருப்பதைப் பார்த்துவிட்டால் அப்புறம் ஆற்றைப் பார்க்கும் பார்வையே மாறிவிடும்.

பெரிய பாறைகளின் நிழல் பக்கமும் பார்க்கலாம். நிழல் என்றால் வெயில் நிழல் இல்லை, நீரோட்டம் படாத கீழ்ப்புறம். வெள்ளத்தில் உருண்டு வந்த கற்கள் அங்கே ஒதுங்கியிருக்கும்.

கரையே உயரமாக வெட்டுண்டு, நடுவில் சரளை அடுக்கு தெரிந்தால் அது ஆறு மிகப் பழங்காலத்தில் விட்டுப்போன படிவு. அதைக் கையால் தோண்டாதீர்கள். கரை சரியும், அது தவிர வேறு காரணமும் இருக்கிறது. கல்லாயுதம் பற்றிய கேள்வியில் வருகிறது.

இத்தனை கல்லுக்கு நடுவில் கண்ணுக்கு எப்படித் தெரியும்?

வெயிலைப் பார்த்து நடங்கள். காலை அல்லது மாலை, சூரியன் தாழ்ந்திருக்கும் நேரம், முகத்துக்கு நேரே வெயில். இப்படி நடந்தால் ஒளி கல்லுக்குள் புகுந்து உங்கள் பக்கம் வெளியே வரும். பசால்ட் கறுப்பாக நிற்கும். சுண்ணாம்புக் கட்டி வெள்ளையாக, மங்கலாக நிற்கும். அகேட் மட்டும் விளிம்பில் உள்ளிருந்து லேசாக ஒளிரும். சூதுபவளமாக இருந்தால் அந்த ஒளிர்வு ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். சூரியனுக்கு முதுகு காட்டி நடந்தால் அதே திட்டில் பாதிகூடக் கண்ணில் படாது.

ஈரமும் முக்கியம். காய்ந்த அகேட் மேல்தோல் சாம்பல் பூத்து மற்றக் கல்லோடு கலந்துவிடும். நீர்விளிம்பை ஒட்டிய ஈரப்பட்டையில் நிறமும் வரியும் உடனே வெளிப்படும். ஆகவே முதல் நடை நீர்விளிம்பில், இரண்டாவது நடை திட்டின் முதுகில்.

கையில் எடுத்த கல்லை ஒரு நிமிடம் நன்றாகப் பாருங்கள். உருண்ட அகேட்டின் மேல்தோல் வழவழப்பாக இருந்தாலும், வெயிலில் சாய்த்துப் பிடித்தால் நகக்கண் பிறை அளவுக்கும் சிறிய பிறைக்கீறல்கள் தோல் முழுவதும் தெரியும். வெள்ளத்தில் மற்றக் கற்கள் மோதிய தழும்பு அது. உடையாமல் அடியை வாங்கும் உறுதியும் நுண்மையும் உள்ள கல்லில்தான் அந்தத் தழும்பு இப்படிப் பதியும். அதிகம் உருளாத கல்லில் இது இருக்காது. அதற்குப் பதிலாகக் காலிஃபிளவர் பூ மாதிரி முண்டும் குழியுமாக, சில நேரம் பச்சை படிந்த தோல் இருக்கும். குழிச்சுவரின் அச்சு அது. அந்தத் தோலைப் பார்த்தவுடன் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே பட்டை இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

சில கற்களில் வளைந்த பட்டைகளுக்கு நடுவே, அடியில் மட்டும் சமதளமாக, கோடு போட்ட மாதிரி நேர்பட்டைகள் இருக்கும். குழிக்குள் சிலிக்கா அடியில் படிந்த மட்டம் அது. கல் பாறையில் இருந்தபோது எது மேல், எது கீழ் என்று அந்தக் கோடு சொல்லிவிடும். அப்படிப்பட்ட கல் கிடைத்தால் நான் வேறு எதையும் தேடாமல் வீடு திரும்பிவிடுவேன்.

அகேட்தானா என்று எப்படி உறுதி செய்வது?

கடினம் பாருங்கள். அகேட்டின் கடினம் 6.5 முதல் 7 வரை. சாதாரணக் கத்திமுனை அதைக் கீறாது. அகேட்டின் கூர்விளிம்பு கண்ணாடியைக் கீறும். கத்தியால் கீறினால் பொடி உதிர்கிறது, ஒரு சொட்டு வினிகர் விட்டால் நுரைக்கிறது என்றால் அது கால்சைட். தக்காணத்தில் சியோலைட் வகைப் படிகங்களும் இதே குழிகளில் வளரும், முத்து மாதிரிப் பளபளக்கும். அவையும் அகேட்டைவிட மென்மையானவை, ஆற்றில் அதிக தூரம் தாங்காது. ஒளியே புகாமல் சிவப்பாகவோ பச்சையாகவோ மஞ்சளாகவோ இருந்தால் ஜாஸ்பர்.

ஏமாற்றுவதில் முதல் இடம் பாட்டில் கண்ணாடிக்கு. ஆறு அதையும் உருட்டி மெருகேற்றிவிடும். வெயிலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். உள்ளே உருண்டைக் காற்றுக்குமிழ் இருந்தால் கண்ணாடி. உடைந்த இடத்தையும் பார்க்கலாம். கண்ணாடியில் பளீரென்று மின்னும், அகேட்டில் மெழுகு தடவியது போல மங்கிய மினுக்கம்தான் இருக்கும்.

எடை ஓரளவுக்கு உதவும். அகேட்டின் ஒப்படர்த்தி 2.6, பசால்ட்டுக்கு 3 பக்கம். ஒரே அளவுள்ள இரண்டு கல்லை இரு கையிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

என்ன கொண்டு போக வேண்டும்?

பிடிப்புள்ள செருப்பு அல்லது பழைய ஷூ, தொப்பி, குடிக்கத் தண்ணீர், கல்லை நனைத்துப் பார்க்க ஒரு ஸ்பிரே பாட்டில், சின்ன டார்ச், துணிப்பை, பேனா, துண்டுச்சீட்டு. குனிந்து குனிந்து இடுப்பு வலிக்கிறவர்கள் ஒரு கம்பு வைத்துக்கொள்ளலாம், கல்லைப் புரட்டிப் பார்க்க வசதி.

உடைத்துப் பார்க்கலாமா?

வேண்டாம். அகேட் சிதறினால் சில்லு பிளேடு மாதிரிக் கூராக இருக்கும், கண்ணில் தெறித்தால் போச்சு. அதோடு சுத்தியல் அடியில் உள்ளே விரிசல் ஓடி, அறுத்து மெருகேற்ற உதவாத கல்லாகிவிடும். டார்ச்சை அடியில் வைத்துப் பாருங்கள், பட்டை இருந்தால் தெரிந்துவிடும்.

சட்டப்படி எடுக்கலாமா?

மத்திய அரசு 2015 பிப்ரவரியில் 31 கனிமங்களைச் சிறுகனிமங்களாக அறிவித்தது. அகேட்டும் ஜாஸ்பரும் அந்தப் பட்டியலில் உண்டு. சிறுகனிமத்துக்கு விதி போடுவது மாநில அரசு. தோண்டி எடுப்பது, மூட்டை கட்டிக் கொண்டுபோவது, விற்பது எதுவானாலும் அனுமதி வேண்டும். மணல் கொள்ளையால் பல ஊர்களில் ஆற்றுக்குள் யார் இறங்கினாலும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். அதில் நியாயமும் இருக்கிறது. ஊரில் தலாட்டி என்கிற கிராம வருவாய் அலுவலரிடமோ கிராமப் பஞ்சாயத்திலோ என்ன செய்யப்போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு, அனுமதி கேட்டுவிட்டு இறங்குங்கள். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிடுங்கள். கரையில் விவசாய நிலம் இருந்தால் நிலத்துக்காரரிடமும் ஒரு வார்த்தை.

சரணாலயத்துக்குள் எடுக்கவே கூடாது. பைட்டணில் ஜாயக்வாடி நீர்த்தேக்கமும், நாசிக் மாவட்டத்தில் ராம்சார் தளமான, அதாவது உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலமான, நந்தூர் மத்மேஸ்வரும் பறவைச் சரணாலயங்கள். நாசிக் ராமகுண்டம் போன்ற நீராடு துறைகளிலும் கல் பொறுக்குவது சரியில்லை.

நர்மதைக்கு ஒரு தனிக் குறிப்பு. அங்கே கூழாங்கல் ஒவ்வொன்றும் சங்கரனே என்று நம்புகிறார்கள், பரிக்ரமா என்று ஆற்றையே வலம் வருகிறவர்கள் கரையோரமாகவே நடக்கிறார்கள். அவர்கள் வழியில் நின்று கல்லைப் புரட்டிப் போட்டு ஆராயாதீர்கள்.

செதுக்கின மாதிரி ஒரு கல் கிடைத்தது. கல்லாயுதமா?

இருக்கலாம், அதிலும் நேவாசா பக்கம் என்றால் நிறையவே வாய்ப்பு உண்டு. 1950களில் புணே டெக்கான் கல்லூரியின் எச். டி. சங்காலியா குழுவினர் நேவாசாவில் அகழாய்வு செய்தார்கள். பிரவராவின் பழைய சரளை அடுக்குகளில் கற்கால மனிதரின் ஆயுதங்கள் கிடைத்தன. முந்தைய காலத்துக் கைக்கோடரிகள் பசால்ட் போன்ற பெரிய கற்களில் செய்தவை. அதற்கடுத்த இடைப் பழங்கற்காலத்தில் ஆயுதம் சிறிதாகிறது, கல்லும் மாறுகிறது. அகேட், ஜாஸ்பர், செர்ட் என்கிற இன்னொரு சிலிக்காக் கல். நாம் இன்று எந்தத் திட்டில் எந்தக் கல்லைத் தேடுகிறோமோ, அதே மாதிரித் திட்டில் அதே கல்லைத் தேடி அவர்களும் குனிந்து நடந்திருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது அழகு அல்ல, சீராக உடைந்து கூர் தரும் கல். பிறகு வந்த செம்புக்காலத்து வேளாண் மக்களும் சால்சிடொனியில் மெல்லிய நீள அலகுகள் உரித்தார்கள். அந்தப் பண்பாட்டுக்குப் பெயர் தந்த ஜோர்வே கிராமமும் பிரவராக் கரையில்தான் இருக்கிறது.

எப்படி அடையாளம் காண்பது? ஆறு உடைத்த கல்லில் உடைப்புகள் தாறுமாறாக இருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். கையால் உரித்த சில்லின் ஒரு முகத்தில், அடி விழுந்த முனைக்குக் கீழே சின்னப் புடைப்பும் அதிலிருந்து விரியும் அலைவரிகளும் தெரியும். மறுமுகத்தில் அதற்கு முன் உரித்த சில்லுகளின் வடு வரிசையாக, ஒரே திசையில் இருக்கும். விளிம்பில் பல் பல்லாகச் சீராகக் கொத்தியிருந்தால் சந்தேகமே வேண்டாம்.

அப்படி ஒன்றைப் பார்த்தால் எடுக்காமல், பக்கத்தில் பேனாவை அளவுக்கு வைத்துப் படம் எடுங்கள். இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். மாநிலத் தொல்லியல் துறைக்கோ டெக்கான் கல்லூரிக்கோ எழுதுங்கள். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இருக்கிறது என்பது ஒரு பக்கம். அதைவிட, இடத்தை விட்டு எடுத்த கல்லாயுதம் பேசுவதை நிறுத்திவிடும். எந்த அடுக்கில், எதோடு சேர்ந்து கிடந்தது என்பதுதான் அதன் மதிப்பு. துளை போட்ட மணி கிடைத்தாலும் இதே முறைதான்.

ஆபத்து உண்டா?

உண்டு. இந்த ஆறுகள் எல்லாவற்றுக்கும் மேலே அணை இருக்கிறது. கோதாவரிக்கு கங்காப்பூர், பிரவராவுக்குப் பண்டார்தரா, பீமாவுக்கு உஜனி. வெயில் காயும் நாளிலும் பாசனத்துக்குத் தண்ணீர் திறப்பார்கள். மேலே மழையே பெய்யாமல் ஆறு உயரும். திறப்பு உண்டா என்று முந்தைய நாளே ஊரில் விசாரியுங்கள். அணையின் எச்சரிக்கைச் சங்கு ஒலித்தால், அல்லது தண்ணீர் திடீரென்று கலங்கி குப்பை மிதந்து வந்தால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டுக் கரையேறுங்கள். நடுத்திட்டுக்கு ஆற்றைக் கடந்து போகாமல் இருப்பதே நல்லது.

இரண்டாவது, மணல் அள்ளிய குழி. முழங்கால் தண்ணீர் என்று நினைத்து வைக்கும் அடுத்த அடி ஆளை மூழ்கடிக்கும். கலங்கிய நீரில் கால் வைக்கவே வேண்டாம். கல்லுக்கடியில் விரலை நுழைக்காதீர்கள், தேளும் பாம்பும் ஒதுங்கும் இடம் அது. கம்பால் புரட்டுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எப்படிச் சுத்தம் செய்வது?

சோப்புத் தண்ணீரும் பழைய பல்துலக்கியும் போதும். சுண்ணாம்புப் படிவு இருந்தால் வினிகரில் ஓரிரு நாள் ஊறவிட்டு, பிறகு நல்ல தண்ணீரில் ஊறவைத்துக் கழுவுங்கள். ஆசிட் எதுவும் வேண்டாம். எண்ணெய் தடவினால் கொஞ்ச நாள் பளபளக்கும், அப்புறம் தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும்.

மெருகு வேண்டுமென்றால் டம்ளர் என்கிற சுழலும் உருளை இயந்திரம் இருக்கிறது. கல், தண்ணீர், சிலிக்கன் கார்பைடு பொடி போட்டு இரவும் பகலும் ஓடவிட வேண்டும். கரடுமுரடான பொடியில் தொடங்கி, நடுத்தரம், நுண்பொடி, கடைசியில் மெருகுப்பொடி. கட்டத்துக்கு ஒரு வாரம் என்றால் மொத்தம் ஒரு மாதம் ஆகும். ஒரு கட்டத்தின் பொடி ஒரு துளிகூட அடுத்ததில் கலக்காமல் கழுவுவதில்தான் பளபளப்பு இருக்கிறது. கழிவுச் சேற்றை வாஷ்பேசினில் ஊற்றாதீர்கள், குழாயில் கல்லாக இறுகிவிடும்.

கிரைண்டர் வைத்து வீட்டிலேயே அறுக்கலாமா?

உலர்வாக ஒருபோதும் கூடாது. இதை அழுத்தித்தான் சொல்கிறேன். அகேட் தூசி சுத்தமான சிலிக்கா. கண்ணுக்குத் தெரியாத துகள் நுரையீரலில் தங்கித் தழும்பாக்கும். அதன் பெயர் சிலிகோசிஸ். வந்தபின் குணப்படுத்த முடியாது, காசநோயும் சுலபமாகச் சேர்ந்துகொள்ளும். குஜராத்தில் காம்பத் நகரில் தலைமுறை தலைமுறையாக அகேட் மணி அரைக்கும் குடும்பங்களில் இந்த நோய் எத்தனையோ பேரை வாலிப வயதிலேயே கொண்டுபோயிருக்கிறது. வீட்டுக்குள்ளேயே பட்டறை என்பதால் அரைக்காதவர்களும் அந்தக் காற்றைத்தான் சுவாசித்தார்கள். கடையில் மலிவாகக் கிடைக்கும் அகேட் மாலைக்குப் பின்னால் அது இருக்கிறது. வாங்கும்போது அந்த மூச்சை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அறுத்தே தீர வேண்டுமென்றால், தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும் வைர ரம்பம் உள்ள பட்டறையில் கொடுங்கள். துணியைக் கட்டிக்கொண்டு வாசலில் ஆங்கிள் கிரைண்டர் பிடிப்பது பாதுகாப்பே இல்லை.

கடையில் இருக்கும் பளிச்சென்ற நீலமும் இளஞ்சிவப்பும் ஏன் ஆற்றில் கிடைப்பதில்லை?

அவை சாயம். அகேட்டில் நுண்துளைகள் உண்டு, சாயத்தைக் குடிக்கும். ஆற்றில் கிடைப்பது சாம்பல், நீலச் சாம்பல், வெள்ளை, தேன் நிறம், பழுப்பு, சிவப்பு. சிவப்பை மட்டும் மனிதர் வெகுகாலமாகவே சூடுகாட்டி வரவழைத்திருக்கிறார்கள். மஞ்சள் பழுப்புக் கல்லை மண்சட்டியில் வைத்துப் பதமாகச் சுட்டால் உள்ளிருக்கும் இரும்புச் சேர்மத்தில் உள்ள நீர் போய் நிறம் சிவக்கும். காம்பத்தில் இன்றும் அப்படித்தான். சிந்துவெளி மணிக்காரர்களும் இதை அறிந்திருந்தார்கள்.

கல்லுக்குள் செடி தெரிகிறது. புதைபடிவமா?

இல்லை. மாங்கனீசும் இரும்பும் கலந்த நீர் நுண்விரிசல்களில் ஊறிக் கிளை கிளையாகப் படிந்தது. கேன் ஆற்றுக் கல் இந்த வகைதான். பாந்தாவில் அதை ஷஜர் என்பார்கள், கைவினைஞர்கள் சித்திரம் சரியாக நடுவில் வரும்படி பார்த்துப் பார்த்து அறுப்பார்கள். கோதாவரிப் பக்கமும் பாசி மாதிரிப் பச்சை இழை ஓடும் கல் கிடைக்கும். அதுவும் தாவரம் இல்லை, கனிமம்தான்.

விலை போகுமா? ராசிக்கு நல்லதா?

பெரும்பாலும் விலை போகாது. ராசி பற்றி நான் எதுவும் சொல்வதில்லை. பிடித்த கல்லை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளை அழைத்துப் போகலாமா?

கட்டாயம். தரைக்குப் பக்கத்தில் இருப்பதால் அவர்கள் கண்ணில் முதலில் படும். ஒரு பெரியவருக்கு இரண்டு பிள்ளைக்கு மேல் வேண்டாம், தண்ணீரிலிருந்து தள்ளித் திட்டின் முதுகில் மட்டும். ஆளுக்கு ஐந்து கல்தான் வீட்டுக்கு என்று சொல்லிவிடுங்கள். ஐந்தைத் தேர்ந்தெடுக்க உட்கார்ந்து ஒவ்வொன்றாக நனைத்து, ஒளியில் பிடித்து, ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். அந்த அரைமணி நேரத்தில் கற்றுக்கொள்வது, பை நிறைய அள்ளினால் வராது.

சேர்த்த கல்லை எப்படி வைத்துக்கொள்வது?

அன்றைக்கே சீட்டு எழுதுங்கள். ஆறு, பக்கத்து ஊர், திட்டா ஓடையா, தேதி. கல்லின் மறைவான பக்கத்தில் ஒரு சொட்டு வெள்ளை நகப்பூச்சு வைத்து, காய்ந்ததும் மையால் எண் போட்டு, அதே எண்ணை நோட்டில் எழுதிவிடுங்கள். நாலைந்து இடத்துக் கல் சேர்ந்தபின் நோட்டைத் திறந்து பாருங்கள். இந்த ஓடைக் கல்லில் தேன்நிறம் அதிகம், அந்த வளைவில் சமதளப் பட்டை அதிகம் என்று தெரிய ஆரம்பிக்கும். அடுத்த நவம்பரில் எங்கே போவது என்று அதுவே சொல்லும். வேண்டாம் என்று ஒதுக்கிய கற்களை எடுத்த ஆற்றிலேயே கொண்டுபோய்ப் போடுங்கள். வேறு ஆற்றில் போட்டால், அங்கே தேடி வருகிறவருக்குத் தப்பான தடயம்.